மலைக்கு மதியம் ஆகாது

டெக்சாஸில் பள்ளிகள் மே கடைசியில் மூடி ஆகஸ்ட் நடுவில் திறக்கின்றன. கொலராடோவின் பெரிய சிகரங்களில் ஜூன் பாதிக்கு மேலும் பனி கிடக்கும். கழித்துப் பார்த்தால், டல்லாஸ் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு மலையேற மிஞ்சுவது ஜூலையும் ஆகஸ்ட் முதல் பாதியும்தான். அந்த ஆறு வாரம்தான் அந்த மலைகளுக்கு மழைக்காலத்தின் உச்சம். பிரிஸ்கோ, பிளானோ, இர்விங் ஆட்கள் வருஷா வருஷம் சரியாக இடி இடிக்கிற மாதம் பார்த்து மலையேறப் போவது இதனால்தான்.

அமெரிக்காவில் ஏதுடி பருவமழை என்று சித்தி போனில் கேட்பாள். இருக்கிறது. வட அமெரிக்கப் பருவமழை என்றே வானிலைக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் அரிசோனாவின் டூசான் நகரத்தில் காற்றின் ஈரம் மூன்று நாள் தொடர்ந்து ஓர் அளவைத் தாண்டினால்தான் பருவம் பிறந்ததாகக் கணக்கு. 2008 முதல் தேசிய வானிலைச் சேவை ஜூன் 15இல் தொடக்கம், செப்டம்பர் 30இல் முடிவு என்று தேதியே குறித்துவிட்டது. நம் ஊரில் கேரளக் கரையில் மழை இறங்கிய பிறகு அறிவிப்பார்கள். இங்கே துளி விழாவிட்டாலும் காலண்டரில் பருவம் பிறந்துவிடும்.

நடக்கும் விதம் இரண்டுக்கும் ஒன்றுதான். கோடையில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடேறுகிறது. அங்கே திபெத் பீடபூமியும் வட இந்தியாவும் காய்கின்றன. இங்கே மெக்சிகோவின் மேட்டு நிலமும் அரிசோனா, நியூ மெக்சிகோ பாலைகளும். ஜூலை வாக்கில் மெக்சிகோவுக்கு மேலிருந்த உயரழுத்தம் வடக்கே நகர்ந்து, உட்டா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்சிகோ நான்கும் சந்திக்கிற மூலைக்கு மேலே வந்து உட்காரும். அதைச் சுற்றிக் காற்று கடிகாரத் திசையில் சுழல்கையில் கலிபோர்னியா வளைகுடாவின் ஈரமும் மெக்சிகோ வளைகுடாவின் ஈரமும் வடக்கே இழுபடுகின்றன. மெக்சிகோவின் வடமேற்குப் பகுதிக்கு வருஷத்து மழையில் பாதிக்கு மேல் இந்தப் பருவம்தான் கொடுக்கிறது. கொலராடோ அதன் வடக்கு ஓரம். எத்தனை அங்குலம் பெய்தது என்று பார்த்தால் வால்பாறைக்காரர்கள் சிரிப்பார்கள்.

நான் செங்கோட்டைக்காரி. ஆனி பிறந்தால் ஆரியங்காவு வழியாகக் காற்றும் சாரலும் சேர்ந்து வந்து முகத்தில் அடிக்கிற ஊர். மலை மேகத்துக்குள் போனால் நாலைந்து நாள் வெளியே தலைகாட்டாது. நனைவதற்கென்றே பஸ் பிடித்துக் குற்றாலத்துக்கு ஆள் வரும். அப்படி வளர்ந்தவளுக்கு மழை என்றால் பயம் வராது, பசிதான் வரும். இந்த வளர்ப்பு கொலராடோவில் கொஞ்சமும் உதவாது. அங்கே தண்ணீரால் வரும் ஆபத்து இரண்டாம் பட்சம். முதல் ஆபத்து, தண்ணீர் விழுவதற்கு முன்பே வந்துவிடுகிறது.

அந்த மலைகளின் ஒரு நாளைச் சொல்கிறேன். அதிகாலை நாலு மணிக்கு வானம் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். ஏழு மணிக்கு நீலம். இன்றைக்கு மழையே இல்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யலாம் போல இருக்கும். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மலையை ஒட்டி மேலேறும். ஒன்பது, ஒன்பதரைக்குச் சிகரங்களின் தலைக்கு மேல் சின்னச் சின்ன வெண்மேகம் தோன்றும். பத்தரைக்கு அவை அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி மேல்நோக்கிப் பொங்கும். அகலத்தைவிட உயரம் கூடிவிட்டதா என்பதுதான் பார்க்க வேண்டிய அடையாளம். பன்னிரண்டுக்கு அடிப்பக்கம் தட்டையாகிக் கறுக்கும். ஒன்று, இரண்டுக்குள் இடி, மின்னல், ஆலங்கட்டி. ஐந்து மணிக்கு ஒன்றுமே நடக்காதது போல வெயில். காலை ஏழு மணிக்கே மேகத்தின் மேல் விளிம்பு பல்பல்லாக எழும்பித் தெரிந்தால் அன்றைக்கு எல்லாம் இரண்டு மணி நேரம் முன்கூட்டியே நடக்கும். அந்த மாதிரி நாளில் நாங்கள் ஏரிக்கரையோடு நிறுத்திக்கொள்வோம்.

இந்த அட்டவணையிலிருந்துதான் மலையேறிகளின் ஒரே விதி பிறந்தது: மதியத்துக்கு முன் உச்சியை விட்டு இறங்கியிருக்க வேண்டும். பன்னிரண்டுக்கு உச்சியில் நிற்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்கிறவர்கள் உண்டு. பன்னிரண்டுக்கு மரங்களுக்குள் வந்திருக்க வேண்டும் என்றுதான் நான் கணக்கு வைப்பேன்.

மரம் என்று ஏன் சொல்கிறேன்? கொலராடோவின் நடுப்பகுதியில் 11,500 முதல் 12,000 அடி வரைதான் மரம் முளைக்கும். அதற்கு மேல் புல், பாறை, சரளை. 14,000 அடியைத் தாண்டிய சிகரங்கள் அந்த மாநிலத்தில் 50க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் உயர்ந்ததும், ராக்கி மலைத்தொடர் முழுவதற்குமே உயர்ந்ததும் எல்பர்ட், 14,440 அடி. அதன் அடிவார ஊரான லெட்வில் 10,000 அடிக்கு மேல். நம் ஆனைமுடி அதற்குக் கீழே நிற்கும். மரவரம்பைத் தாண்டிவிட்டால் கடைசி இரண்டாயிரத்து ஐந்நூறு அடிக்குச் சுற்றுவட்டாரத்தில் உங்களைவிட உயரமாக நிற்கிற பொருள் எதுவும் கிடையாது. மின்னலுக்கு அது போதும்.

2014 ஜூலை 11, 12 தேதிகளில், அடுத்தடுத்த இரண்டு நாள், ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் ஆளுக்கொரு மின்னலாக இரண்டு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் இறந்தது சாலையோரத்தில், கார் நிறுத்திக் காட்சி பார்க்கிற இடத்தில். 2015 ஜூன் 28 அன்று பியர்ஸ்டாட் சிகரத்தில் விழுந்த ஒரே மின்னலில் பதினைந்து பேர் பாதிக்கப்பட்டார்கள். ஒரு நாய் செத்தது. அதே வருஷம் ஜூலையில் யேல் சிகரத்தில் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி மின்னலில் இறந்தாள். நேரே தலையில் மின்னல் விழுந்து சாவது அபூர்வம். பக்கத்தில் விழுந்து தரை வழியாகப் பாய்கிற மின்சாரம்தான் ஆட்களை அதிகம் வீழ்த்துகிறது. ஒரே இடியில் பதினைந்து பேர் விழுவது அப்படித்தான்.

ஒதுங்க இடம் தேடுவது மனித சுபாவம். அது எப்படி ஏமாற்றும் என்பதற்குக் கலிபோர்னியாவின் பே ஏரியா தமிழர்களுக்குப் பழக்கமான இரண்டு மலைகள் சாட்சி. யோசெமிட்டியின் ஹாஃப் டோம் உச்சியில் 1985 ஜூலை 27 அன்று புயலுக்குப் பயந்து பாறைக் குகைக்குள் ஒதுங்கியவர்களில் இரண்டு பேர் மின்னலில் இறந்தார்கள். விட்னி மலையின் கதை இன்னும் விசித்திரம். 14,505 அடி உச்சியில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் 1904இல் மின்னலில் செத்தார். அதன் பிறகு, வானாராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்று ஸ்மித்சோனியன் நிறுவனம் 1909இல் அங்கே கல் வீடு ஒன்று கட்டியது. கூரை தகரம். 1990 ஜூலையில் இடிமழைக்கு அந்த வீட்டுக்குள் ஒதுங்கியவர்கள் மேல் மின்னல் இறங்கி ஒருவர் இறந்தார். குகை, பாறை விளிம்பு, கம்பியும் குழாயும் ஓடாத குடிசை எதுவும் மின்னலுக்குக் கூரை ஆகாது. முழு வீடு வேண்டும், இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார் வேண்டும்.

இடிச் சத்தம் பத்து மைல் வரை கேட்கும். மின்னலும் மேகத்தை விட்டு அவ்வளவு தூரம் எட்டிப் பாயும். அதனால் கேட்டாலே நாம் அதன் எல்லைக்குள் இருக்கிறோம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று எண்ணிக்கொண்டு நிற்பது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. எண்ணிக்கொண்டே இறங்கினால் இன்னும் நல்லது. முகட்டை விட்டு விலகு, தனி மரத்தடிக்குப் போகாதே, கூட்டமாக நிற்காதே. ஆளுக்கு ஆள் ஐம்பதடி விட்டு இறங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒருவர் விழுந்தால் மற்றவர் பிழைத்திருந்து நெஞ்சை அமுக்கி உயிர் கொடுக்கலாம். மின்னல் பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். சாகிறவர்கள் இதயம் நின்று சாகிறார்கள், அதை உடனே தொடங்கிவைக்க வாய்ப்பு உண்டு. பட்டவர் உடம்பில் மின்சாரம் தங்காது, தொடலாம். எங்கள் மலையேற்றக் குழுவில் வருகிற பெரியவர்கள் எல்லாரும் இந்த முதலுதவியைக் கற்றுக்கொண்டுதான் வர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதை 'அக்காவோட கெடுபிடி' என்பார்கள்.

ஆனால் விதி தெரியாததால் மாட்டிக்கொள்கிறவர்கள் குறைவு. டல்லாஸ்காரர்களை மாட்டிவிடுவது நெடுஞ்சாலை 287 என்பேன். விச்சிட்டா ஃபால்ஸ், அமரில்லோ, டால்ஹார்ட், அப்புறம் நியூ மெக்சிகோவின் கிளேட்டன், ராட்டன், கணவாய் ஏறி இறங்கினால் கொலராடோவின் டிரினிடாட். லெட்வில் போய்ச் சேர 800 மைலுக்கு மேல். புளியோதரை டப்பா காலியாகி, பின்சீட்டில் பிள்ளைகள் சண்டை போட்டு ஓய்ந்து, மிக்சர் பாக்கெட் உயரம் தாங்காமல் பலூனாக உப்பி நிற்கும்போது ஊர் வரும். எடுத்த லீவோ நாலு நாள். அடுத்த நாளே ஏறியாக வேண்டும் என்று ஒரு வெறி பிடிக்கும். களைப்பில் ஏழு மணிக்கு எழுந்து, ஹோட்டல் டிபனை முடித்து, ஒன்பதுக்கு அடிவாரம் சேருவார்கள். நேரே இடியின் மடியில் போய் உட்காருகிற திட்டம் அது.

உடம்பும் ஒத்துழைக்காது. டல்லாஸ் சுமார் 430 அடி உயரம். 14,000 அடியில் ஒவ்வொரு மூச்சிலும் கடல் மட்டத்தில் கிடைக்கிற ஆக்சிஜனில் அறுபது சதம்தான் கிடைக்கும். தலைவலி, குமட்டல், சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு, தூக்கமின்மை: இவை வந்தால் மேற்கொண்டு ஏறக்கூடாது. குறையாவிட்டால் இறங்க வேண்டும். இறங்குவதைப் போன்ற மருந்து வேறில்லை. குதிகாலோடு விரல் ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறாரா, பேச்சு குழறுகிறதா, மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம்; விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அசிட்டசோலமைடு மாத்திரை உதவும்தான், அதை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும், வாட்ஸாப்பில் கேட்கக் கூடாது. நாங்கள் முதல் இரவை 8,000 அடியை ஒட்டிய பியூனா விஸ்டாவிலும் அடுத்த இரவை லெட்வில்லிலும் கழிப்போம். லெட்வில்லில் தண்ணீர் 90 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் சோறு வேகாமல் அடம் பிடிக்கும். மலையேற்றப் பட்டியலில் குக்கர் இருப்பதைப் பார்த்து வெள்ளைக்கார நண்பர்கள் சிரிப்பதுண்டு, சாப்பிடும்போது சிரிப்பதில்லை.

எல்பர்ட்டுக்கு வடகிழக்கு முகட்டுப் பாதை போக வர ஒன்பது, பத்து மைல். ஏற்றம் மட்டும் 4,500 அடி. கயிறு வேண்டாம், கைவித்தை வேண்டாம், அனுமதிச் சீட்டும் வேண்டாம். சமவெளியில் குடியிருக்கிற சராசரி ஆளுக்கு ஏற ஆறு மணி நேரம் ஆகும். பத்து மணிக்கு உச்சியில் நிற்க வேண்டுமென்றால் நாலுக்கு நடை, மூன்றுக்கு எழுப்பு. நெற்றி விளக்கு வெளிச்சத்தில் மரங்களுக்கு நடுவே நடந்து, மரம் முடிகிற இடத்தில் விடியும்.

அந்த முகடு பொல்லாத ஏமாற்றுக்காரி. உச்சி என்று நினைத்து ஏறி நின்றால் பின்னால் இன்னொரு மேடு நிற்கும். ஒரு தடவை மதுரைக்காரத் தம்பி ஒருவர் முதல் தடவையாக எங்களோடு வந்தார். மெதுவாக நடக்கிற ஆள் இருந்ததால் பத்தே முக்கால் ஆகியும் நாங்கள் இரண்டாவது பொய் உச்சிக்குக் கீழேதான். மேற்கே ஆஸ்பென் ஊர்ப் பக்கம் மேகத்தின் அடி கறுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, உச்சி அந்தா தெரியுது. அரை மணி நேரம்தானே?"

"தெரியறது உச்சி இல்ல தம்பி. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு இருக்கு. திரும்பிரலாம்."

"இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்திருக்கோம்க்கா..."

திரும்பினோம். மரவரம்பு வரும் வரை அவர் யாரோடும் பேசவில்லை. அன்றைக்கு மழை வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. மேகம் எங்களுக்கு வடக்கே விலகிப் போய் யார் தலையிலோ கொட்டியது. எங்களைத் தாண்டி ஏறியவர்கள் உச்சியில் படம் எடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, எங்கள் பின்னாலேயே இறங்கி வந்தார்கள். தம்பியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பிழைப்புக்கு நான் மென்பொருள் சோதிப்பவள். நடக்காத விபத்துக்கு யாரும் கைதட்டுவதில்லை என்பது அங்கேயே பழகிவிட்டது. கருமேகம் இருந்தும் உச்சி தொட்டு வந்தவர்கள் அடுத்த தடவையும் தொடலாம் என்று நினைப்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. அதனால் திரும்பும் நேரத்தை நாங்கள் முந்தின இரவே, சோறு சாப்பிட்டுக்கொண்டு, மூளைக்கு ஆக்சிஜன் ஓரளவு இருக்கும்போதே முடிவு செய்துவிடுகிறோம். முகட்டில் நின்று பேசி முடிவெடுக்கிற விஷயமில்லை அது.

வானிலை முன்னறிவிப்பு பார்க்கிறோமே என்பார்கள். 'முப்பது சதம்தான் போட்டிருக்கான்' என்று குழுவில் ஒரு செய்தி வரும், கூடவே கட்டைவிரல் படம். பத்து நாளில் மூன்று நாள் மழை பார்க்கக்கூடிய இடம் என்று அதற்குப் பொருள். அதுவும் மழைக்கான கணக்கு. உங்கள் தலைமேல் துளி விழாமலே பக்கத்து மலையின் மேகத்திலிருந்து மின்னல் வரலாம். தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் ஊர்ப் பெயரைப் போடாமல் வரைபடத்தில் சிகரத்தையே தொட்டால் அந்த உயரத்துக்கான கணிப்பு மணிவாரியாக வரும். அதில் இடி எந்த மணியில் தலைகாட்டுகிறது என்று பாருங்கள். சதவீதத்தைவிட அதுதான் உபயோகம்.

பள்ளத்தாக்கில் கூடாரம் போடுகிறவர்களுக்கு வேறு கவலை. மேலே காற்று ஓய்ந்த நாளில் மேகம் நகராமல் ஒரே இடத்தில் நின்று கொட்டும். 1976 ஜூலை 31 மாலை பிக் தாம்சன் பள்ளத்தாக்கின் மேல் அப்படி நின்ற ஒரு மேகம் சில மணி நேரத்தில் ஒரு வருஷத்து மழையில் பெரும்பங்கைக் கொட்டியதில் 140க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறுநாள் கொலராடோ மாநிலம் பிறந்த நூறாவது ஆண்டு. அதைக் கொண்டாட வந்தவர்களால் பள்ளத்தாக்கு நிறைந்திருந்த வாரக்கடைசி. ஆற்றோரம் அழகாக இருக்கிறதே என்று கூடாரம் அடிக்கும் முன், ஓடிப்போய் ஏற ஒரு மேடு இருக்கிறதா என்று பார்த்துவையுங்கள். தண்ணீர் வந்தால் காரில் தப்ப நினைக்காமல் மேட்டில் ஏற வேண்டும். அந்தச் சாலைகளில் இன்றும் பலகை அதைத்தான் சொல்கிறது.

உடையைப் பற்றி ஒரே வார்த்தை: பருத்தி வேண்டாம். ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரி செல்சியஸ் வீதம் குளிர்ந்துகொண்டே போகும். டல்லாஸில் நாற்பது டிகிரியில் கிளம்பிய ஆள் உச்சியில் ஐந்து டிகிரியில், காற்றில், நனைந்த ஜீன்ஸோடு நின்றால் ஆகஸ்ட் மாதத்திலேயே விறைத்துவிடலாம். கடையில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டை அந்தக் காற்று முதல் ஐந்து நிமிஷத்தில் கிழித்துவிடும். மாட்டிக்கொண்டால் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். கொலராடோவில் மீட்புக்குப் பணம் கேட்பதில்லை. ஆனால் இடி ஓயாமல் அவர்களும் ஏற மாட்டார்கள்.

பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் எதற்கு? தொழிலாளர் தின விடுமுறைக்குப் பிறகு வாருங்கள். செப்டம்பர் நடுவில் ஈரம் பின்வாங்கியிருக்கும், ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும், விடிந்தபின் கிளம்பினாலும் பல நாள் தாங்கும். பனி எட்டிப் பார்க்கலாம், அது தனிக் கதை.

மூன்று மணிக்கு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறவர்களுக்கும் வழி உண்டு. கொலராடோ ஸ்பிரிங்ஸ் பக்கம் பைக்ஸ் பீக் 14,115 அடி. 1891 முதல் பல்சக்கர ரயில் ஓடுகிறது. பழைய தண்டவாளத்தையும் வண்டிகளையும் மாற்றிப் புதுப்பித்து 2021இல் மறுபடி விட்டார்கள். இதயம், நுரையீரலில் தொந்தரவு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஏறலாம். உச்சியில் சுவரும் கூரையுமாக ஒழுங்கான கட்டடம் இருக்கிறது. அந்த உயரத்துக்கென்று தனியாக மாவு பிசைந்து டோனட் சுடுகிறார்கள். வெளியே இடி இடிக்க, உள்ளே என் மாமியார் இரண்டு சாப்பிட்டார்; மூன்றாவதை வீட்டுக்குப் பொட்டலம் கட்டச் சொன்னார். கீழே வருவதற்குள் அது அமுங்கிவிடும் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னதை அவர் நம்பவில்லை.